மறுபூசை போடாத பீரோ

நூலக அறையின் பச்சை பீரோவைத் திறக்கச் சொல்லியும், அதன் தலையில் நாலாவது வருடமாக எரிந்துகொண்டிருக்கும் கற்பூரத்தை மலையேற்றச் சொல்லியும் முத்துசெல்வி தலைமையாசிரியரிடம் கேட்டது தை மாதம் ஒரு திங்கட்கிழமை, இறைவணக்கம் முடிந்த கையோடு. கேட்கக் கூடாது என்று அவளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். வரகுமேட்டுப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக நூலகராக அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, தலைமையாசிரியர் மாயகிருஷ்ணன் நாற்காலிகூடக் காட்டாமல் சொன்னார்: "எங்கிட்ட ரெண்டு விசயம் மட்டும் கேக்கப்படாதும்மா. ஒன்னு, வேலை எப்ப நிரந்தரமாகும்னு. இன்னொன்னு, அந்தப் பீரோவ எப்பத் திறப்பீங்கன்னு. மத்தபடி இது நல்ல பள்ளிக்கூடம்." முதல் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு நேரத்தை வீணாக்குகிற ஆள் இல்லை அவள்.

கற்பூரம் எரிவது ஊரில் பெரிய செய்தியாக இருக்கவில்லை. அந்த வருடம் மக்காச்சோளத்தில் புழு விழுந்தது, நாகலாபுரம் போகும் மினி பஸ் சாயங்கால நடையை நிறுத்தியது, பள்ளிக்கூடத்தில் கற்பூரம் அணையாமல் நின்றது. மூன்றையும் டீக்கடையில் ஒரே குரலில்தான் சொன்னார்கள். கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய வருடம் அது. வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பெட்டி நிறைய டேப், அதாவது கைக்கணினி, அனுப்பியிருந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரைக்கும் எல்லாப் பாடமும் படமாகவும் பேச்சாகவும் உள்ளேயே ஏற்றியவை. நெட்வொர்க் இல்லாத காட்டிலும் ஓடும். கூடவே இரண்டு மூட்டை புதுப் புத்தகங்கள். அப்போது தலைமையாசிரியராக இருந்த சங்கரபாண்டியன், நல்ல காரியத்தைப் பூசையோடு தொடங்குவோம் என்று நினைத்தார். சரஸ்வதி பூசையன்று டேப்புகளை மேல்தட்டிலும் புத்தகங்களைக் கீழ்த்தட்டுகளிலும் அடுக்கி, ஒவ்வொரு திரையிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். பிள்ளைகளையும் ஆளுக்கொரு பாடப்புத்தகம் கொண்டுவரச் சொல்லி உள்ளே வைத்தார். ஒரு தூக்குவாளிச் சுண்டலையும் வைத்துக் கதவைச் சாத்தி, பீரோவின் தலையில் தட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றினார். பூசையில் இருக்கும் புத்தகத்தை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. மறுநாள் காலை மறுபூசை போட்டு, அவரவர் புத்தகத்தை அவரவர் எடுத்து ஒரு வரியாவது வாசித்த பிறகுதான் பூசை முடியும். ஆனால் அன்று சாயங்காலமே சங்கரபாண்டியனின் போனுக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. சங்கரன்கோவில் பக்கம், சொந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், அவர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த இடம். உத்தரவு மாறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று விடியுமுன் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மறுபூசை நடக்கவில்லை.

விடுமுறை முடிந்து அறையைத் திறந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, சரியாகத் தட்டின் மேலேயே சொட்டியபோதும் எரிந்தது. தட்டில் கரி பிடிக்கவில்லை. பீரோவில் சுற்றிய கேந்திப்பூ மாலை வாடவில்லை. சாவித் துவாரத்தில் மூக்கை வைத்தால் சுண்டலின் ஆவி அடித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே வரிசை நிற்பது பிள்ளைகளுக்கு வழக்கமாயிற்று. புதிதாக வந்த மாயகிருஷ்ணன் முதலில் பயந்தார், பிறகு பழகினார், பிறகு அதன் சௌகரியத்தைப் புரிந்துகொண்டார். முந்தைய பள்ளியில் காணாமல் போன புத்தகங்களுக்காக விளக்கம் எழுதி எழுதியே ரத்த அழுத்தம் வந்த மனிதர் அவர். இங்கே இருப்புச் சரிபார்க்க வந்த அதிகாரிகள் செருப்பைக் கழற்றி, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு புத்தகம்கூடக் குறையாத நூலகம் என்று பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு பீரோவுக்கு எதிரே மாட்டினார். பீரோ சாவி என்று ஒன்றை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

முத்துசெல்விக்கு இதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. குளத்தூர்க்காரி, தாயும் தகப்பனும் உப்பளத்தில் வேலை பார்த்து, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். நூலகப் படிப்பில் பட்டம் வாங்கியவள். கல்லூரி நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கையெழுத்துப் போட்ட முதல் நாளில், இவ்வளவையும் சும்மா தருகிறார்களா என்று அங்கிருந்த நூலகரிடமே கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவளை, திறக்காத பீரோவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, தூசி தட்டச் சொன்னார்கள். அவள் தட்டவில்லை. தன் போனில் பாடங்களை இறக்கி, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் காட்டினாள். ஒரு போனை முப்பது பேர் பார்ப்பது என்றால் முன்வரிசைக்குப் பாடம், பின்வரிசைக்கு முன்வரிசையின் பின்னந்தலை. தலைக்கு மேலே அலமாரி நிறைய டேப்புகள் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்ற நினைப்பு அவளுக்குச் சோறு இறங்கவிடவில்லை.

இருந்தும் அவள் பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது சுடலைச்செல்வியால். பத்தாம் வகுப்புப் பிள்ளை, ஆட்டுக்கார வீடு, வாய் ஓயாதவள். ஒருநாள் முத்துசெல்வி அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்க எண்ணைச் சொல்லி எடுக்கச் சொன்னபோது, அவள் முதல் தாளிலிருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துப் புரட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, கீழ நம்பர் போட்டிருக்குல்லா, பாக்க மாட்டியா?"

"அங்கன பொட்டுதான் மிஸ் இருக்கு."

"என்ன பொட்டு?"

"குங்குமப் பொட்டு. ஈரமா. எங்க செட்டுல எல்லாத்துக்கும் அப்படித்தான் தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?"

ஊருக்கே தெரிந்திருந்தது. அந்தப் பூசையன்று ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பேசி வைத்துக்கொண்டு கணக்குப் புத்தகத்தையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பூசையில் இருக்கும் பாடத்தைப் படி என்று அன்றைக்கு எந்த வாத்தியாரும் சொல்ல முடியாது. ஒருநாள் கணக்கிலிருந்து தப்பிப்பதற்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வழிவழியாகச் செய்கிற தந்திரம். அந்த ஒருநாள் முடியவே இல்லை. மறுநாளிலிருந்து எண் எங்கே இருந்தாலும் அவர்கள் கண்ணுக்கு ஈரக் குங்குமமாகத் தெரிந்தது. பஸ்ஸை அதன் வண்ணத்தை வைத்துப் பிடித்தார்கள். கடையில் கொடுத்த சில்லறையை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். சுடலைச்செல்வி ஆடுகளை எண்ணுவதில்லை. ஒவ்வொன்றின் மூஞ்சியும் தெரியும் என்பதால் எது வரவில்லை என்று சொல்லிவிடுவாள். கணக்கு டீச்சர் உமாராணிக்கு வேறு வழி இருக்கவில்லை. "நானும் மொதல்ல அடிச்சுப் பாத்தேன்பா. அடி வாங்கிட்டுப் பொட்டுப் பொட்டா வரைஞ்சு காட்டுதுவ. ஒம்போது வரைக்கும் என் கையி, மார்க்கப் போட்டுவிட்டேன். பத்தாப்பு பேப்பர வேற எங்கனயோ கொண்டுபோய்த் திருத்துவாவ. அங்கன யாரு போடுவா?" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். பங்குனியில் பரீட்சை. தை பிறந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் முத்துசெல்வி போய்க் கேட்டாள். மாயகிருஷ்ணன் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும். "வச்ச கைதான்மா எடுக்கணும். நான் வச்ச பூசையா? இல்ல, நீ வச்ச பூசையா? தொட்டு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்லுதது?" என்றார். பூசையை வைத்தவரிடம் கேட்டு வருகிறேன் என்று அவள் சங்கரபாண்டியனுக்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனிதர். பள்ளிக்கூடத்தை விசாரித்தார், வேப்பமரத்தை விசாரித்தார், கற்பூரம் இன்னும் எரிகிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார். வந்து மறுபூசை போட்டுக் கொடுங்கள் என்றதும், "நான் சார்ஜ் ஒப்படைச்சுட்டேனேம்மா. கற்பூரமும் அதுல அடக்கந்தான்" என்று வைத்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கற்பூரம் வந்த பிறகுதான் ஊரில் மூன்று பெண்களுக்கு வரன் அமைந்தது என்று ஒருவர் சொன்னார். சாமி விசயத்தில் வெளியூர்ப் பிள்ளைக்கு என்ன வேலை என்று இன்னொருவர் கேட்டார். முத்துசெல்வி எழுந்து, "நாலு வருசமா பிள்ளையளப் புத்தகம் தொட விடாம உக்காந்திருக்கது சரஸ்வதின்னு நீங்க சொல்லுதீங்க. நான் நம்பல. நம்ம எல்லாருக்கும் இப்படியே இருந்தா வசதி, அதான் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஊரில் ஒரு வாரம் யாரும் டீ கொடுக்கவில்லை. அவள் பிளாஸ்கில் கொண்டுவந்து குடித்தாள்.

இதற்குள் இன்னொரு இடி. சுடலைச்செல்வி பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அறுப்பு முடிகிற சமயம் அவர்கள் வகையறாவில் நாலைந்து குடும்பத்து ஆடுகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, ஆற்றுப்பாசன வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடத் தெற்கே போவார்கள். மழை இறங்கின பிறகுதான் திரும்புவார்கள். வழக்கமாகச் சமைக்கப் போகும் அக்காள் கல்யாணமாகிப் போய்விட்டதால் இந்த வருடம் சமையல் இவள் பொறுப்பு. முத்துசெல்வி கழுகுமலை போகும் சாலைக்கு மேற்கே, கொத்தமல்லி அறுத்த காட்டில் கிடை கிடந்த இடத்தைத் தேடிப் போனாள். அறுத்த காட்டில் வெடிப்புகள் வாய் பிளந்து கிடந்தன. செருப்பு ஒன்று உள்ளே போய் மீட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. சுடலைச்செல்வியின் தகப்பன் கொம்பையா கடப்பாரையால் குழி போட்டு முளையடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சோலார் தகடு வெயிலில் சாய்ந்திருந்தது. அதில் போனும் டார்ச்சும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

"பரிச்சைக்கு அனுப்பச் சொல்லுதிய. அங்க போயி என் மக பொட்டு வச்சிட்டு வரவா?" என்றார் கொம்பையா. "ஆட்டு மூஞ்சி அவளுக்குத் தெரியுது. எங்களுக்கு அது போதும்."

"தெரிஞ்சுட்டா?"

"எது?"

"நம்பரு. தெரிஞ்சு, பாடம் முழுக்க இருக்க டேப்பும் அவ கையில இருந்துட்டா? அனுப்புவியளா அண்ணாச்சி?"

கொம்பையா முளையை ஆட்டிப் பார்த்தார். "அப்படி ஒன்னு நடந்தா நானே பஸ்ஸு ஏத்திவிடுதேன். வெள்ளிக்கிழமை கிடை கெளம்புது. அதுக்குள்ள நடத்திக் காட்டுங்க, பாப்போம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தட்டில் கஞ்சியோடு நின்ற சுடலைச்செல்வி சிரிக்கவில்லை. எதிரே பட்டியில் நாலு குடும்பத்து ஆடுகள் ஒன்றோடொன்று கலந்து நின்றன. காலையில் பட்டியைத் திறக்கும்போது அவரவர் ஆட்டை அவரவர்தான் கூப்பிட்டுப் பிரிப்பார்கள். ஒருவர் ஆட்டில் மற்றவர் கை வைப்பதில்லை. பட்டி போட்டவன் ஒருவனாக இருப்பான், ஆடு பிரிக்க அவன் வர வேண்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள், "மிஸ், அந்தப் பீரோவுக்குள்ள என் புத்தகம் கெடக்கு. நான் அட்டை போட்டு என் பேரு எழுதி வச்சது. பூசை அவிய போட்டாவ, சரி. புத்தகம் நான்லா வச்சேன். நான் எடுத்தா என்ன?"

 இவ்வளவு படித்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று முத்துசெல்விக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு கொம்பையாவிடம் கடப்பாரையை இரவல் கேட்டாள்.

வியாழக்கிழமை காலை இரண்டாம் மணி அடித்ததும் பத்தாம் வகுப்பு முழுவதும் எழுந்து நூலக அறைக்கு வந்தது. உமாராணி டீச்சர் தடுக்கவில்லை. கரும்பலகையைத் துடைப்பது போல் திரும்பி நின்றுகொண்டார். சுடலைச்செல்வி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். செய்தி தெரிந்து மாயகிருஷ்ணன் ஓடிவந்து பீரோவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். வேட்டி கட்டி வந்த நாள் அது. அரைஞாண் சாவி வெளியே தெரிந்தது.

"இது அரசாங்கச் சொத்தும்மா."

"ஆமா சார். பிள்ளையளுக்குன்னு எழுதின சொத்து."

"பூசை கலையும்."

"கலைக்க வரல சார். முடிக்க வந்திருக்கோம். சாவியக் குடுங்க, இல்லன்னா நகருங்க."

அவர் சாவியையும் கொடுக்கவில்லை, நகரவும் இல்லை. கடப்பாரை நுனி அவர் காதுக்குப் பக்கமாகப் போய்க் கதவிடுக்கில் செருகியதும் தானாகவே நகர்ந்தார். சுடலைச்செல்வி நெம்பினாள். நெம்பிய வேகத்தில் அவளே மல்லாக்க விழுந்தாள், ஏனென்றால் கதவு எந்த எதிர்ப்பும் இல்லாமல் திறந்துகொண்டது. பீரோ பூட்டியே இருக்கவில்லை. மறுநாள் காலையில் எடுக்கப் போகும் பூசைக்கு எதற்குப் பூட்டு என்று சங்கரபாண்டியன் சும்மா சாத்திவிட்டுப் போயிருக்கிறார். நாலு வருடத்தில் ஒருவர்கூடக் கைப்பிடியைத் திருகிப் பார்க்கவில்லை. மாயகிருஷ்ணன் இடுப்பில் கட்டியிருந்தது எதன் சாவி என்று இன்றுவரை தெரியாது.

உள்ளே சுண்டல் சூடாக இருந்தது. தேங்காய்ப் பூ வெள்ளையாக இருந்தது. டேப்புகள் குங்குமப் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அழுத்திப் பார்த்தபோது எல்லாவற்றிலும் சார்ஜ் முழுசாக இருந்தது. பிள்ளைகள் தங்கள் பெயர் எழுதிய அட்டைகளைத் தேடி எடுத்தார்கள். ஏழாம் வகுப்பில் எழுதிய கையெழுத்தைப் பார்த்து ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்துகொண்டார்கள். சுடலைச்செல்வி தன் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தில் விரலை வைத்தாள்.  விரல் நகர நகர குங்குமம் காய்ந்து, உதிர்ந்து, அதனடியிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மழை பெய்து பத்தாம் நாள் கரிசலில் பயிர் முளைப்பது போல, முதலில் அங்கொன்று இங்கொன்று, பிறகு வரிசையாக. அவள் ஒரு வரி வாசித்தாள். பிறகு எல்லாரும் வாசித்தார்கள், வேறு வேறு பக்கத்தை, ஒரே நேரத்தில், கத்தி. பக்கத்து வகுப்புக் குழந்தைகள் சந்தை கூடிவிட்டது என்று நினைத்து ஓடிவந்து சுண்டலைத் தின்று தீர்த்தார்கள். கற்பூரம் அணையவில்லை. திறந்த பீரோவின் தலையில் அது பாட்டுக்கு எரிந்தது. அணையும் என்று பயந்தவர்களும், அணைய வேண்டும் என்று நினைத்தவர்களும் அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். மழைநாளில் கரண்டு போனால் அந்த வெளிச்சத்தில் படிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், பிறகு அப்படியே வழக்கமாயிற்று.

மத்தியானம் மாயகிருஷ்ணன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை. நடந்தது நடந்துவிட்டது, புத்தகத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் டேப் ஒன்றுகூட அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். கிடைக்குக் கொண்டுபோய் ஆடு மிதித்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். எல்லாவற்றையும் உள்ளே வைத்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், வருகிற கூட்டத்தில் அவள் வேலையை நிரந்தரம் செய்யத் தானே எழுதுவதாகவும் சொன்னார். அவர் ஏமாற்றவில்லை; உண்மையாகவே எழுதியிருப்பார். குளத்தூரில் அவள் அம்மா கால் புண்ணோடு உப்பு வாருவதும், இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த வீடு இருபத்து மூன்று வருடம் காத்திருந்தது என்பதும் முத்துசெல்விக்குத் தெரியும். ஆனால் சுடலைச்செல்விக்கு எண்தான் தெரிந்திருக்கிறது, கணக்குத் தெரியவில்லை. நாலு வருடத்துப் பாடத்தை இரண்டு மாதத்தில் ஒரு டேப் சொல்லிக் கொடுத்துவிடாது. அது பேசும், அவள் முழிப்பதை நிறுத்திக் கேட்காது. பக்கத்தில் ஆள் வேண்டும். கிடை நாளைக்கு விடியற்காலையில் கிளம்புகிறது. கிடையோடு போவது என்ற முடிவை முத்துசெல்வி அவர் பேசும்போது எடுக்கவில்லை; காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து, மாற்றுச் சேலை இரண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பத்தாப்புப் பிள்ளையளுக்கு ஆளுக்கொன்னு குடுத்துட்டேன் சார். இது சுடலைச்செல்விக்கு" என்று ஒரு டேப்பைக் காட்டிவிட்டுப் பையில் போட்டாள். "பரிச்சையன்னைக்கு அவளக் கூட்டிட்டு வாரேன்."

"அப்ப ஒன் வேலை?"

"அதுக்குத்தான் போறேன் சார்."

வராந்தாவைத் தாண்டி, மைதானத்தைக் குறுக்கே கடந்து, இரும்புக் கேட்டைத் தள்ளித் திறந்தாள். வெளியே வெயில் காடெல்லாம் வெள்ளையாக விழுந்து கிடந்தது. மாயகிருஷ்ணன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிட்டார், "ஏம்மா, கேட்டச் சாத்திட்டாவது போம்மா. ஆடு உள்ள வந்துரும்."

"வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.